ஆயாவின் கைமருந்து யாருக்கு முதல்?

பழவேற்காட்டில் மகளிர் குழுக்களுக்கு ஒருநாள் தொழில் பயிற்சி நடந்தது. நானும் போயிருந்தேன். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் நன்றாகப் பேசக்கூடியவர். திரையில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். கண்ணாடிப் புட்டியில் மூலிகை எண்ணெய், சணல் கயிறு கட்டிய சோப்பு, பனையோலைப் பெட்டியில் குளியல் பொடி. எதுவும் முந்நூறு ரூபாய்க்குக் குறைவில்லை. “உங்க பாட்டி சொன்ன ஒவ்வொரு கைமருந்தும் ஒரு பிராண்ட். அதைச் சும்மா வீட்டுக்குள்ள பூட்டி வெச்சிருக்கீங்க” என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் எழுந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், குப்பத்துக்காரர். “சார், எங்க ஆயா இதுக்கெல்லாம் காசு வாங்காது. வாங்கினா மருந்து பலிக்காதுன்னு சொல்லும். நான் வித்தா பலிக்குமா?” என்று கேட்டார்.

பயிற்சியாளர் சிரித்தார். “இந்த மாதிரி மூடநம்பிக்கையிலேருந்து வெளிய வந்தாதாம்மா முன்னேற முடியும்” என்றார். கைதட்டினார்கள். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மேடையில் சொல்லப்பட்டது ஒரு தனிமனிதரின் கருத்தாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் கடன் கொடுக்க வருபவர், யூடியூப் சேனல் நடத்துபவர், பத்திரிகையில் சாதனைப் பெண்களைப் பேட்டி காண்பவர் என எல்லோரும் இன்று இதையே பேசுகிறார்கள். பாட்டி வைத்தியம் எடுப்பாரில்லாமல் கிடக்கும் புதையலாம். அதற்குத் தனியாக ஒரு சொந்தக்காரர் கிடையாதாம். இயற்கையானது என்பதால் கெடுதலும் செய்யாதாம். பெட்டியில் அடைத்துப் பெயர் வைத்தால் போதும், ‘வெல்னஸ்’ தொழில் தயார் என்கிறார்கள். பழவேற்காடு ஏரியில் மீன்பாடு குறைந்துவரும் காலத்தில் மீனவப் பெண்ணுக்கு இதைவிட நல்ல வழி எது என்றும் கேட்கிறார்கள். இந்த வாதத்தின் ஒவ்வொரு படியும் தவறு என்பது என் கட்சி. மூலிகையை வைத்து யாரும் சம்பாதிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எதை விற்கலாம், எதை விற்க முடியாது என்பதையே இவர்கள் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்தக் கைமருந்து எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம். பல வருடங்களுக்கு முன்னால் இதே ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நான் கண்ணால் பார்த்தது. ஒரு பையன் வலையில் மாட்டிய கெளுத்தியைக் கழற்றும்போது முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. வலியில் கத்திக்கொண்டே ஓடிவந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா இலையையோ எண்ணெயையோ தேடி எழுந்திருக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“இன்னா மீனுடா? கெளுத்தியா, இருங்கெளுத்தியா?”

“கெளுத்திதான் ஆயா.”

“முள்ளு ஒடிஞ்சி உள்ள நிக்குதா? எப்ப குத்துச்சி? காலைலேருந்து எதுனா சாப்பிட்டியா?”

இருங்கெளுத்தியின் முள்ளில் விஷம் கடுமை, அதனால் அந்தக் கேள்வி. முள் ஒடிந்து உள்ளே நின்றால் புண் சீழ் கட்டும், அதற்காக அடுத்த கேள்வி. வெறும் வயிற்றோடு இருந்தால் வலியில் மயங்கி விழுவான். பிறகு சுடுதண்ணீர் வைக்கச் சொன்னார். தண்ணீர் வந்ததும் தன் கையை முதலில் அதில் விட்டுப் பார்த்தார். பொறுக்கிற சூடு என்று தெரிந்த பிறகே பையனின் கையை அமிழ்த்தினார். ஆற ஆற வேறு தண்ணீர் மாற்றினார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அப்படியே கழிந்தது. கடைசியில் அடம்பு இலையை அனலில் வாட்டி வைத்துக் கட்டினார். இந்த இலைதான் மருந்தா என்று நான் கேட்டேன். “இலை ஒரு ஆறுதலுக்குபா. வேலை செய்யிறது சுடுதண்ணி” என்றார். பையனிடம், “நாளைக்கி வீங்கி செவந்திருந்தா எங்கிட்ட வந்து நிக்காத. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கோ” என்றார்.

கெளுத்தி, திருக்கை போன்ற மீன்களின் விஷம் புரதத்தால் ஆனது, சூட்டில் வீரியம் இழக்கும். 45 டிகிரி செல்சியஸ் அளவில், தோல் வெந்துபோகாத சூட்டுத் தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்கிறது இன்றைய மருத்துவமும். ஆயா வெப்பமானி வைத்திருக்கவில்லை. தன் கையை வைத்திருந்தார்.

இதில் எதைப் புட்டியில் அடைப்பார்கள்? அடம்பு இலையைத்தான். ‘கடலோரப் பாட்டியின் ரகசியக் களிம்பு’ என்று பெயரும் வைத்துவிடுவார்கள். வேலை செய்தது சூடு, கேள்வி, காத்திருப்பு, தன் எல்லை எது என்று தெரிந்த நிதானம். அவை அத்தனையும் கரையிலேயே நின்றுவிடும். ஆறுதலுக்கு வைத்த இலை மட்டும் சென்னைக்கு வண்டி ஏறும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயந்தரம் அந்தப் பையனின் அம்மா ஆயா வீட்டுக்குக் குழம்புக்கு மீன் கொடுத்தனுப்பினார். பொங்கலுக்குப் புடவை வரும், வீட்டு விசேஷத்தில் முதல் தாம்பூலம் வரும். ஆக, இலவசம் என்று சொல்வது சரியில்லை. ஊர் அவருக்குக் கடன்பட்டிருந்தது, அந்தக் கடனை அவரவர் வசதிப்படி தீர்த்தது. கைமருந்துக்கென்று விலை சொல்லி வாங்குவது மட்டும் கிடையாது. ‘காசு வாங்கினால் பலிக்காது’ என்ற பேச்சைப் பயிற்சியாளர் மூடநம்பிக்கை என்றார். நான் அதை ஒரு கட்டுப்பாடாகப் பார்க்கிறேன். நோயாளி திரும்பத் திரும்ப வருவதில் ஆயாவுக்கு எந்த லாபமும் இல்லை. வலி நின்றால் அவருக்கும் நிம்மதி. தன்னால் முடியாததை ‘பொன்னேரிக்குப் போ’ என்று தள்ளிவிடுவதில் அவருக்கு நஷ்டமும் இல்லை. மருந்து கொடுப்பவர் உண்மை பேசுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சித்த மருத்துவத்தின் நடைமுறையிலும் இந்த எண்ணம் இருக்கிறது. ஒரு மண்டலம் என்றால் 48 நாள். மருந்து சாப்பிடும்போது பத்தியம், முடிந்த பிறகு மறுபத்தியம், அதன் பிறகு வழக்கமான சாப்பாடு. மருந்துக்கு ஒரு கடைசி நாள் குறித்தே கொடுத்தார்கள். வெல்னஸ் சந்தையில் அந்தக் கடைசி நாள் வரவே கூடாது. மாதச் சந்தா கட்டியவர் குணமாகிவிட்டால் வாடிக்கையாளர் ஒருவர் போய்விடுவாரே. அதனால்தான் அங்கே நோய்க்குப் பெயரே இருப்பதில்லை. ‘உள்ளிருந்து நலம்’, ‘சமநிலை’, ‘பொலிவு’ என்று பேசுவார்கள். பெயரில்லாத நோய் எப்போது தீர்ந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

‘நலம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்திலும் ஒரு வசதி இருக்கிறது. சித்த மருந்து செய்து விற்க வேண்டுமானால் 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். தயாரிக்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டு. சர்க்கரை நோய் போன்ற பட்டியலிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மருந்து என்று சொன்னால் இத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். ‘நலம்’ என்று சொல்லிவிட்டால் குணமாக்குவதாகச் சொல்லாமலேயே குணமாக்குகிற பொருளின் விலையை வாங்கிவிடலாம். அந்தப் பயிற்சியில் உரிமம் என்ற வார்த்தை ஒரு முறைகூட வரவில்லை. சோப்பு காய்ச்சி விற்பதற்கும் உரிமம் தேவை என்பதை ஆய்வாளர் வாசலில் வந்து நிற்கும்போது அந்தப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இயற்கையானது கெடுதல் செய்யாது என்பார்கள். இதைப் பேசுகிறவர்கள் செடிகளோடு வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்கிறோம். அதைத் தின்று இறந்தவர்கள் நம் மாநிலத்தில் உண்டு. அதே செடியின் விதைக்காகத் திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாத மருந்தாகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருப்பது அளவு ஒன்றுதான். அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லை மரம் சிதம்பரத்தின் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும். காட்டையும் கழியையும் அறிந்தவர்கள் செடியைப் பார்த்ததும் முதலில் சொல்வது அதன் பலன்களை அல்ல, எப்போது தொடக்கூடாது என்பதை. மாதமாக இருப்பவளுக்கு இது ஆகாது, பால் கொடுப்பவளுக்கு அது ஆகாது, மாரிக்காலத்தில் பறித்தது வேண்டாம். அந்த ‘ஆகாது’களின் பட்டியலே பாட்டி வைத்தியத்தின் பெரும்பகுதி. லேபிளில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

இப்போது சொந்தக்காரர் யார் என்ற கேள்வி. நம் நாட்டில் இதற்கு நடந்த மிக நேர்மையான முயற்சியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவே எவ்வளவு தடுமாறியது என்று தெரிந்தால்தான் மற்றவை எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது புரியும்.

1987-இல் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர்கள் சிலர் அகத்தியமலைக் காட்டில் ஏறினார்கள். வழிகாட்டிகளாகக் காணிப் பழங்குடியினர் கூட வந்தார்கள். ஆய்வாளர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடங்களிலெல்லாம் காணிகள் ஏதோ சிறு பழங்களை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள். தெரியாத ஆட்களிடம் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வற்புறுத்திக் கேட்ட பிறகு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். கேரளத்தின் பாலோட்டில் இருக்கும் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டுகளுக்குத் தயாரிக்கும் உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் தனி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் தானாக முடிவு செய்தது. அப்போது அப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லும் சட்டம்கூட இந்தியாவில் கிடையாது. 1997-இல் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே இதை உதாரணம் காட்டிப் பேசியது.

காட்டில் நடந்தது வேறு. செடியைக் காட்டியவர்கள் இரண்டு மூன்று பேர், செடி இருந்ததோ மொத்தக் காணிகளின் அறிவில். ஊரைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம் என்று காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகள் சிலர் எதிர்த்தார்கள். காணிகள் தின்றது பழத்தை, மருந்துக்குத் தேவைப்பட்டது இலை. காட்டின் நிழலைவிட்டு வெளியே அந்தச் செடி அதே குணத்தோடு வளரவில்லை. காட்டுக்குள் பறிக்கலாம் என்றால் வனத்துறை தடுத்தது. தங்கள் அறிவில் பிறந்த மருந்துக்காகத் தங்கள் காட்டில் இலை பறித்தவர்கள் குற்றவாளிகள்போல நிறுத்தப்பட்டார்கள். நல்லெண்ணமும் ஒப்பந்தமும் பங்கும் இருந்த இடத்திலேயே இந்த நிலை. ஒரு நாள் பயிற்சியில் ‘உங்க பாட்டியோட குறிப்பு’ என்று சொல்லிப் பெயரெழுதி வாங்கிப் போகிறவர்களிடம் இவற்றில் எது இருக்கிறது?

மஞ்சளுக்குப் புண் ஆற்றும் குணம் உண்டு என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களை எடுத்துக்காட்டி வாதாடியது, 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நாடே பெருமைப்பட்டது, நானும் பெருமைப்பட்டேன். வெளிநாட்டுக்காரர் எடுத்தால் அது நம் பாட்டிகளின் சொத்தைத் திருடுவது என்று கொதித்தோம். நம் ஊர் கம்பெனி எடுத்தால் அது தொழில்முனைவு என்று கைதட்டுகிறோம். பாட்டிக்கு இரண்டிலும் ஒன்றும் வரவில்லை.

பழவேற்காட்டில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது எனக்கு டச்சுக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் இடிபாடும் செதுக்கிய கல்லறைகளும் ஊருக்குள் இன்னும் இருக்கின்றன. இதே டச்சுக் கம்பெனியின் கொச்சி ஆளுநர் வான் ரீட் மலையாள நாட்டுச் செடிகளை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். 1678-இல் தொடங்கி 1693-இல் முடிந்த வேலை. அதற்கு அறிவைக் கொடுத்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனின் வாக்குமூலம் அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. வியாபாரக் கப்பலில் வந்த அயல்நாட்டான் பதினேழாம் நூற்றாண்டிலேயே சொன்னவர் பெயரை விடாமல் போட்டான். இன்று விற்கிற மூலிகைப் புட்டிகளில் எந்த ஊர் எந்த மூதாட்டி சொன்னது என்று போட்டதை நான் இதுவரை பார்க்கவில்லை. ‘பழங்குடியினரின் ரகசியம்’ என்று மட்டும் இருக்கும்.

அந்தப் பழங்குடியினர் இங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்கள் காலையில் ஏரிக்கு வரலாம். இருளர் பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைக் கயிற்றால் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள். கிளிஞ்சலும் மட்டியும் விரல்களை வெட்டும், உப்புத் தண்ணீரில் அந்த வெட்டு ஆறாது. வலையும் படகும் இல்லாதவர்களின் தொழில் அது. மூலிகை அறிவில் இந்தப் பகுதியில் இவர்களுக்கு மிஞ்சியவர்கள் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த அறிவுக்குக் கூலி கொடுத்தவர்கள் யார்?

அடுத்தது செடி. அடம்பு சங்கப் பாடல்களிலேயே வரும் நெய்தல் நிலத்துக் கொடி. மணலில் ஓடி, கணுக்கணுவாக வேர்விட்டு மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. மாதம் ஆயிரம் புட்டிக் களிம்புக்கு அதைப் பறித்தால் மணல் நகரும், மணல் நகர்ந்தால் அலை உள்ளே வரும். உமரிச் செடி ஏரியின் உப்பு ஓரங்களில் மட்டும் முளைக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. கடலிலிருந்து தண்ணீர் வரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியின் உப்பு மாறும், இறாலும் மாறும், ஓரத்துச் செடியும் மாறும். எண்ணூர்ப் பக்கம் சாம்பலும் துறைமுகமும் கழியை என்ன செய்தன என்று இங்குள்ளவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏரிக்கு எதிர்க்கரையில் ஸ்ரீஹரிக்கோட்டா. ராக்கெட் ஏவுதளம் வந்தபோது அந்தத் தீவின் காட்டில் வாழ்ந்த ஏனாதிப் பழங்குடியினர் வெளியேற்றப்பட்டார்கள். காடு அங்கே, காட்டை அறிந்தவர்கள் வேறெங்கோ. இருக்கும் கரையைக் காக்கப் பேசாமல், அந்தக் கரையின் இலையை விற்கக் கற்றுக்கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

சந்தைக்குத் தெரியாத ஒன்றைப் பழவேற்காடு பல தலைமுறைகளாகத் தெரிந்து வைத்திருக்கிறது. அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் சுத்து வலைக்காரர்கள் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே தினமும் கிடைக்காது. எவ்வளவு வல்லவனாக இருந்தாலும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் இருளர்களுக்கும் வேறு பலருக்கும் இடமில்லை என்ற குறை உண்மையானது, அது சரிசெய்யப்பட வேண்டியது. ஆனாலும் ‘இன்றைக்கு இவ்வளவு போதும்’ என்பதை ஊர்ச் சட்டமாக வைத்திருந்தவர்களிடம் போய், வளர்ச்சி என்றால் வரம்பே இல்லாத விற்பனை என்று பாடம் நடத்துகிறோம்.

அப்படியானால் இந்தப் பெண்கள் ஏழையாகவே இருக்கட்டுமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத்தான் கடைசி ஆயுதமாக எடுப்பார்கள். இதற்கு விடை இதே மாநிலத்தில் கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

பாம்புத் தோல் வியாபாரம் எழுபதுகளில் சட்டத்தால் நின்றபோது, அதையே நம்பியிருந்த செங்கல்பட்டுப் பகுதி இருளர்களின் அடுப்பு அணைந்தது. 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. உறுப்பினர்கள் இருளர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து, வாரம் ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி மாட்டினால் உடனே தெரிந்துவிடும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசு எண்ணிக்கை வைக்கிறது. அந்த விஷத்திலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் தங்கள் அறிவை எந்தக் கம்பெனியிடமும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. தடம் பார்க்கும் கண்ணும் பாம்பைப் பிடிக்கும் கையும் அவர்களிடமே இருக்கின்றன. அந்தக் கை செய்யும் வேலைக்குச் சங்கம் விலை வாங்குகிறது. இருளர் பெண்களுக்கு மூலிகையிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில் 1986 முதல் அவர்களுடைய நலச் சங்கம் நடக்கிறது. நாற்றுப்பண்ணை போட்டு, மூலிகை வளர்த்து, அதிலிருந்து செய்த பொருட்களை விற்கிறார்கள். காட்டில் பிடுங்குவதற்கு முன் பாத்தியில் வளர்த்தார்கள்.

இந்தோனேசியாவின் ஜாவாவுக்குப் போனால் இன்னொன்றைப் பார்க்கலாம். ‘ஜாமு’ என்ற மூலிகைப் பானத்தைப் பெண்கள் கூடையில் சுமந்து காலையில் தெருத்தெருவாக விற்பார்கள். மஞ்சள், இஞ்சி, புளி கலந்த புட்டிகள் பல இருக்கும். வாங்குபவரைக் கேட்டு, அவருக்குத் தகுந்தாற்போல அங்கேயே கலந்து ஊற்றித் தருவார்கள். அன்றன்றைக்குக் காய்ச்சியது அன்றே தீரும். 2023-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டுச் சொத்தாக அங்கீகரித்தது. காசு வாங்கித்தான் விற்கிறார்கள், அதில் தவறில்லை. கேள்வி கேட்கும் வாயும் கலக்கும் கையும் கூடையோடு சேர்ந்தே வருகின்றன என்பதைக் கவனியுங்கள்.

பழவேற்காட்டிலும் இது முடியும். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பெண்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, பிள்ளை பெற்ற மருந்து இடிப்பது, பால் சுரப்பதற்குச் சுறாப் புட்டு செய்து கொடுப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்தவை. பெண்கள் வேலைக்குப் போகும் சென்னை வீடுகளில் இதற்கு ஆள் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வந்து செய்யட்டும், கௌரவமான சம்பளம் கேட்கட்டும். எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற பயிற்சியை அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் அவர்களுக்குக் கொடுக்கட்டும். பொருளாகவே விற்க வேண்டுமானால் வீட்டுப் பின்பக்கத்திலும் ஊர்ப் புறம்போக்கிலும் வளர்க்கக்கூடிய செடியில் தொடங்கட்டும். உரிமம் பெற்ற ஒரே கூடத்தில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து செய்யட்டும். ஏரி ஓரத்துச் செடி ஒரு பருவத்துக்கு எவ்வளவு, யார் முறை என்று பாடு வைக்கட்டும், இந்த முறை இருளர் பெண்களையும் சேர்த்து. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-இல் வந்தது. ஊர்தோறும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது அது. தேசிய ஆணையம் இருப்பதோ சென்னையில், இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில். 2023-இல் செய்த திருத்தம் நூலில் ஏறிய மருத்துவ அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்கீட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. ஆயாவின் அறிவு எந்த நூலிலும் ஏறாதது. அவருடைய பெயரோடு, அவர் சம்மதத்தோடு அது ஊர்ப் பதிவேட்டில் ஏற வேண்டும். புட்டி, லேபிள், விற்பனை எல்லாம் அதற்குப் பிறகு.

‘நான் வித்தா பலிக்குமா?’ என்று கேட்ட பெண்ணுக்கு என் பதில் இதுதான். தங்கச்சி, உங்கள் ஆயா செய்ததை நீங்கள் செய்து கூலி வாங்கினால் பலிக்கும். ஆயா கேட்ட கேள்விகளைக் கேட்காமல் இலையை மட்டும் விற்றால் பலிக்காது. ஆயா சொன்னது சரி. மேடையில் இருந்தவர் சொன்னது தவறு.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழவேற்காட்டுக்கு வரும்போது அந்த ஆயாக்களில் இரண்டு பேரை மேடைக்குக் கூப்பிடுங்கள். அவர்களைப் பேசச் சொல்லி நீங்கள் கீழே உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கு அன்றைக்கு என்ன சம்பளமோ, அதே சம்பளத்தை அவர்கள் கையிலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.